சோளத்தைத் தாண்டிப் பேசியவர்கள்

சிரிப்பு வரும், வராமல் எங்கே போய்விடப் போகிறது, ஆனால் இப்போது இல்லை, இப்போது சிரித்துவிட்டால் எல்லாம் பாழ் என்று ஹெட்டி தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு மக்காச்சோளக் கொல்லையின் ஓரத்தில் குத்தவைத்திருந்தாள். உள்ளே, எத்தனை வரிசை தள்ளியோ தெரியவில்லை, ஓரின் மாமா ஒட்டுமுள் செடிகளை வெட்டிக்கொண்டிருக்கிறார். சதக், அப்புறம் ஒரு பெருமூச்சு, மறுபடி சதக். இவள் கண்ணுக்கு அவர் தெரியவில்லை, அவர் கண்ணுக்கு இவள் தெரியமாட்டாள். ஆகஸ்ட் மாதக் கான்சாஸ் அப்படித்தான். சோளம் ஆளை விழுங்கும் உயரத்துக்கு எழும்பியபின் கொல்லைக்குள் நிற்கிறவரும் வண்டிப்பாதையில் போகிறவரும் முகம் பார்த்துக்கொள்ள வழியே இல்லை. போகிறவர் வண்டியை நிறுத்தாமல் ஒரு குரல் கொடுப்பார், உள்ளே இருப்பவர் குனிந்த தலையை நிமிர்த்தாமல் பதில் குரல் கொடுப்பார், அவ்வளவுதான் நலம் விசாரிப்பு. அறுவடை ஆகும்வரை இந்த ஊரில் எல்லாரும் வெறும் குரல்கள். அப்படிப்பட்ட ஊரில், ஊர்க்குரல் மொத்தத்தையும் தொண்டைக்குள் வைத்திருக்கிற பதினாறு வயசுப் பெண்ணை வளர்க்கிறோமே என்று ஓரின் மாமா முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும், அது அவர் தப்பு. காலையில் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் வரலை, போய்ச் சொல்லிடுங்க" என்று சொன்னாரே, அதுவும் அவர் தப்புதான். ஓடைக்கரைத் தோப்பில் இன்று உழவர் கூட்டணியின் பெரிய கூட்டம். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் எல்லாரும் சாப்பாட்டுக் கூடையும் கொடியுமாக வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். மத்தியானம் ஓரின் ஹாஸ்கெல் ஒரு வண்டித் தட்டில் ஏறி நின்று பேச வேண்டும், பேசினால் அவரைத்தான் சட்டசபைக்கு நிறுத்துவார்கள். பேச ஆள் வரவில்லை என்றால் தானியக் கிடங்கு ஏஜெண்ட் லோமாக்ஸின் மச்சான் தயாராக நிற்கிறான். ரயில் கம்பெனிக்காரன் நனைந்தால் இவனுக்குச் சளி பிடிக்கும், அப்படியொரு ஒட்டுதல். லூவெல்லா அத்தை ஒன்றும் சொல்லாமல் தான் சுட்ட ஆப்பிள் பணியாரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்டாள், அங்கேதான் வண்டிகள் சேருகின்றன. போகும்போது புருஷனைப் பார்க்கவில்லை, ஹெட்டியைத்தான் பார்த்தாள், அந்தப் பார்வையில் 'நீயாவது ஏதாவது பண்ணேன்டி' என்று இருந்தது. ஹெட்டிக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. மாமாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு வரும், ஆற்றில் வெள்ளம் மாதிரி வரும், மாட்டிடம், கலப்பையிடம், மேகத்திடம் பேசுவார், எல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். ஆக, கோபம் வரவைத்தால் போதும்.

தொண்டையைச் செருமக்கூடாது, செருமினால் அது ஹெட்டியின் செருமல் ஆகிவிடும். முதலில் லோமாக்ஸ். லோமாக்ஸ் எப்போதும் பல்குச்சியைக் கடித்தபடி பேசுவான், சொற்கள் வாயின் ஒரு ஓரமாகச் சறுக்கிக்கொண்டு வரும். அவள் ஒரு சோளத் தோகைக் காம்பைக் கடித்துக்கொண்டாள், குரல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. "என்ன ஹாஸ்கெல், சட்டசபைக்குப் போறவர் களை வெட்டிட்டு இருக்கீங்க? அங்க நாற்காலிக்கு மெத்தை போடச் சொல்லவா?" சதக் நின்றது. ஒரு நிமிஷம் தோகைகள் மட்டும் உரசிக்கொண்டன. பிறகு உள்ளேயிருந்து, "மெத்தை உங்ககிட்டயே இருக்கட்டும் லோமாக்ஸ். எங்க தானியத்தை எடை போடறப்ப தராசுத் தட்டுல நீங்களும் ஏறி உக்காருவீங்களே, அப்ப உதவும்." அடிசக்கை. ஹெட்டி சட்டைக் கையைக் கடித்துக்கொண்டாள், துணி வாய்க்குள் உப்புக் கரித்தது, சிரிப்பு விலா எலும்பில் முட்டிக்கொண்டு நின்றது, இரு, இன்னும் இல்லை. இந்த லோமாக்ஸ் குரலை எங்கே பிடித்தாள், கிடங்கு வாசலில், வண்டி வரிசையில் காத்திருந்தபோது, ஒரே தடவையில் பிடித்ததுதான். குரல் பிடிப்பதற்கு அவள் ஒன்றும் செய்வதில்லை, ஒட்டுமுள் பாவாடையில் ஒட்டுவது மாதிரி அது தானே ஒட்டிக்கொண்டு வருகிறது. நியூயார்க்கில், சந்துகளில், வயிறு காய்ந்து திரிந்த நாளில் அதுதான் அவளுடைய சோறு. உருளைக்கிழங்கு விற்கிறவள் குரலில் உருளைக்கிழங்கு விற்கிறவளின் மகனை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவன் தள்ளுவண்டியை விட்டு ஓடியதும் இரண்டு கிழங்கை எடுத்திருக்கிறாள். போலீஸ்காரன் குரலில் போலீஸ்காரனையே அதட்டி அனுப்பியிருக்கிறாள். அம்மா குரல் மட்டும் வரவில்லை, அம்மா போகும்போது அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் போல. பிறகு அந்த ரயில், அனாதைப் பிள்ளைகளை வாரிக்கட்டி மேற்கே கொண்டுவந்த ரயில், ஜன்னலுக்கு வெளியே மரங்கள் குறைந்துகொண்டே வந்து ஒரு காலை நேரத்தில் மரமே இல்லாமல் போன ரயில்; ஏதோ ஒரு ஊரின் நீதிமன்ற மேடையில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்தார்கள், விவசாயிகள் ஏறிவந்து கையைப் பிசைந்து பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், பையன்கள் முதலில் போனார்கள். கூட்டிக்கொண்டு வந்த பாதிரியார் இவளைப்பற்றி 'அடக்கமான பெண்' என்று மூக்கால் பேசிக்கொண்டிருந்தார், இவள் அவருக்குப் பின்னால் நின்று அதையே மூக்கால் திருப்பிச் சொன்னாள், கூட்டம் முகம் சுளித்தது. ஒரே ஒரு ஆள், கதவோரம் நின்ற நெட்டை ஆள், தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறானோ என்று நினைத்தாள். தொப்பியை எடுத்தபோது கண்ணெல்லாம் சிரிப்புத் தண்ணீர். பேச வாய் வராமல் விரலை நீட்டினான், அது, அந்தப் பெண், என்பதுபோல. அதற்கு அவள் ஓரின் மாமாவுக்கு இன்றுவரை நன்றி சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தால் யாராவது ஒருவருடைய குரல்தான் வருகிறது, பாதிரியார் குரலில் நன்றி சொன்னால் அது கேலி, லோமாக்ஸ் குரலில் சொன்னால் அது பொய், அவளுடைய சொந்தக் குரல் எது, தேடிப் பார்த்தால் தொண்டை வெறும் கூடமாக இருக்கிறது, எல்லாரும் வந்து பேசிவிட்டுப் போகிற கூடம்.

சரி, அது அப்புறம், அடுத்தது கேப்டன் விட்டில்சி. பழைய போர்வீரர், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் உள்நாட்டுப் போரில் கொண்டுபோய்த்தான் இறக்குவார், நடுநடுவே மூச்சு வாங்குவார், மூச்சுக்கூட அணிவகுத்துத்தான் வரும். ஹெட்டி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். "ஹாஸ்கெல்! எந்தப் பக்கம் நின்னு சுட்டோமோ அந்தப் பக்கமே ஓட்டுப் போடணும்! பழைய கட்சியை விட்டுட்டுப் புதுக் கட்சின்னு அலையறது, அது, அது ராணுவத்துல ஓடிப்போறதுக்குச் சமானம்!" உள்ளே கத்தி எதையோ பலமாக வெட்டியது. "கேப்டன், நானும்தான் சுட்டேன். அடிமைச் சங்கிலியை அறுக்கறோம்னு சொன்னீங்க, சுட்டேன். இப்ப தண்டவாளமா ஊரைச் சுத்திக் கெடக்கே ஒரு சங்கிலி, அதை எந்தப் பக்கம் நின்னு சுடறது, அதைச் சொல்லுங்க முதல்ல!" இதே மனிதர்தான் வசந்த காலத்தில் பள்ளிக்கூடத்து அறையில், எல்லாரும் தெரிந்தவர்கள், ஒரு தீர்மானத்தை வழிமொழிய எழுந்து நின்றார், 'நான்' என்றார், நின்றார், மறுபடி 'நான்' என்றார். அடுப்பில் ஒரு கட்டை விரிசல் விட்ட சத்தம், யாரோ செருப்பை நகர்த்திய சத்தம், அந்த 'நான்' அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது, துணிக்கொடியில் ஒற்றைச் சட்டை மாதிரி. அவள் அவரை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போகத் துடித்தாள். அவர் குரலிலேயே மீதியைச் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது, வந்திருக்கும், அவர் குரல் அவளுக்கு நன்றாக வரும், ஆனால் அதைச் செய்தால் அது திருட்டு, கிழங்கு திருடுவதைவிடப் பெரிய திருட்டு, செய்யவில்லை. அவர் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை, சிரித்திருந்தால் தேவலை. அந்த 'நான்' இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது, சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது, மாடு செக்கைச் சுற்றுவது மாதிரி. இன்றைக்குத் தோப்பில் ஏறி நின்று மறுபடியும் 'நான்' என்று நின்றுவிட்டால்? அதற்குப் பயந்துதானே சோளத்துக்குள் ஒளிந்திருக்கிறார். போகாமல் விட்டால் லோமாக்ஸின் மச்சான், ரயில் கம்பெனி சொன்னதே சரக்குக் கூலி, அப்புறம் பக்கத்துப் பண்ணைகள் மாதிரி இங்கேயும் ஒருநாள் வண்டியில் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு கிழக்கே திரும்ப வேண்டியதுதான், திரும்பினால் அவர்களுக்காவது இந்தியானாவில் உறவு இருக்கிறது, இவளுக்கு எங்கே.

"வேற யாரு? இன்னும் யாராவது இருக்கீங்களா?" என்று உள்ளேயிருந்து அவரே கேட்டார், கேட்ட தொனியில் ஒரு துள்ளல் இருந்தது, ஹெட்டிக்கு அது புரியவில்லை. அவள் கடைக்காரி ஆனாள், தபால்காரர் ஆனாள், எல்லாக் கேள்வியையும் ரெண்டு தடவை கேட்கிற மெதடிஸ்ட் பாதிரியார் ஆனாள், ஒவ்வொருவருக்கும் பதில் வந்தது, பதில் நீண்டது, கடைசியில் கேள்வியே தேவைப்படவில்லை, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார், வெட்டும் சத்தம் நின்றுபோய் வெகுநேரமாகிவிட்டது. "நாம வெளைய வச்ச சோளத்தை நாமளே அடுப்புல போட்டோம், போன குளிர்காலம். ஏன்? விக்கற வெலையைவிட நிலக்கரி வெலை ஒசத்தி. சோளம் எரியறப்ப நல்ல வாசனை வரும், தெரியுமா? பசிக்கற வாசனை. கிழக்கே பட்டணத்துல புள்ளைங்க ரொட்டிக்கு அலையுது, இங்க நாம ரொட்டியைக் கொளுத்திக் குளிர் காயறோம், நடுவுல ஒரு தண்டவாளம் ஓடுது, அதுமேல உக்காந்திருக்கறவன் ரெண்டு பக்கமும் கைநீட்டி வாங்கறான். நான் கேக்கறது ஒண்ணுதான். அந்தத் தண்டவாளம் ஊருக்குச் சொந்தமா இருந்தா என்ன கெட்டுப்போகும்?" ஹெட்டி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ரொட்டிக்கு அலைந்த பிள்ளை அவள்தானே, அந்த வாசனை அவளுக்கும் தெரியுமே. சூடான மண், காலுக்குக் கீழே எறும்பு, தோகை கிழித்த புறங்கையில் வேர்வை பட்டு எரிச்சல், தலைக்கு மேலே கதிர்களின் மீசை வெயிலில் கருகிச் சிவந்திருக்கிறது. நல்ல மண் இது, ஓடையோரத்துத் தாழ்வான மண், அதனால்தான் மேட்டுக்கொல்லைகள் காய்ந்தும் இது காயவில்லை. உழும்போது இதில் காட்டெருமை எலும்பு வரும், சில சமயம் கல் அம்புமுனை வரும், மாமா அதைத் துடைத்துச் சன்னல் மேல் வைப்பார், யாருடையதோ, இங்க முன்னாடி இருந்தவங்களைத் துரத்திவிட்டுத்தானே நம்மளை உக்கார வச்சாங்க என்று ஒரு தடவை சொன்னார். அவர் அப்படிப்பட்டவர். தனக்குக் கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமிருந்து வந்தது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர். அவளையும் அப்படித்தான் வைத்திருக்கிறார், ஒருநாளும் வேலைக்காரி என்று சொன்னதில்லை, தனித்தட்டு வைத்ததில்லை, ராத்திரி இருமினால் எழுந்து வந்து கதவருகில் நிற்பார், உள்ளே வரமாட்டார், நிற்பார். தேவன் இருக்கிறாரோ என்னவோ, நெட்டை ஆள் ஒருவர் இருக்கிறார், போதும்.

அப்போது பாதையில் சக்கரம் கிரீச்சிட்டது. அவளுடைய கிரீச் இல்லை, நிஜக் கிரீச். திரும்பினால், வளைவில் கொடி கட்டிய வண்டி, அதன் பின்னால் வண்டி, அதன் பின்னால் புழுதிக்குள் வண்டி வண்டியாக; எல்லாரும் தோப்புக்குப் போகிறார்கள், எல்லாரும் இந்தப் பாதையாகத்தான் போக வேண்டும், இதை எப்படி மறந்தாள். முதல் வண்டியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு லூவெல்லா அத்தை. ஹெட்டி இரண்டு கையையும் பேய் மாதிரி ஆட்டினாள், வாயில் விரல் வைத்தாள், சோளத்தைக் காட்டினாள். உள்ளேயிருந்து அந்தக் குரல் சக்கரச் சத்தத்தையும் அமுக்கிக்கொண்டு ஓங்கி வந்துகொண்டிருந்தது, வண்டியோட்டி கடிவாளத்தை இழுத்தான், அத்தை எழுந்து நின்று பின்னால் பார்த்துக் கையைத் தூக்கினாள், புழுதியோடு புழுதியாக அந்த வரிசை முழுவதும் ஒவ்வொன்றாக நின்றது. குதிரைகள்கூட மூச்சை அடக்கிக்கொண்டது போல இருந்தது. பெண்கள் குழந்தைகளின் வாயைப் பொத்தினார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், ஏனென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. சொல்லிவிடலாமா, மாமா, ஊரே நிக்குது என்று, சொன்னால் அந்தக் குரல் அங்கேயே அறுந்துபோகும், 'நான்' என்று நின்றுபோகும். சொல்லாமல் விட்டால் இது ஏமாற்று, இதுவரை செய்தது விளையாட்டு, இது வேறு, ஒரு மனுஷனை அவனுக்குத் தெரியாமல் மேடையில் ஏற்றுவது. அத்தையைப் பார்த்தாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், கலியாணமான புதுசில் கேட்ட குரலை மறுபடி கேட்கிறவள் மாதிரி. ஹெட்டி வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் யோஹன்னா க்ராட்ஸ் மூடவில்லை. இரண்டாவது வண்டியில் இருந்த ஜெர்மன்காரி, புருஷன் வறட்சிக்குப் பயந்து கிழக்கே போனவன் திரும்பவில்லை, தனியாளாக உழுகிறாள், மனசில் இருப்பது நேராக வாய்க்கு வந்துவிடும். கனமான குரலில், ஒவ்வொரு சொல்லையும் மூட்டை இறக்குவது மாதிரி இறக்கிக் கேட்டாள்: "ஹாஸ்கெல். எல்லாரும் போனாங்க. என் ஆளும் போனான். நீ ஏன் போகலை?" சோளத்துக்குள்ளிருந்து, கடவுளே, ஒரு சிரிப்பு. "க்ராட்ஸ் அம்மா! அடி ஹெட்டி, இதுதாண்டி உன்னோட உச்சம்! லோமாக்ஸ் சுமார்தான், அந்த ஆள் புதன்கிழமையே டொபீகாவுக்கு ரயில் ஏறிட்டான், போறப்ப நான்தான் பெட்டியைத் தூக்கிக் குடுத்தேன். ஆனா இது, ஆஹா, அந்த அம்மாவே பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கு!" வண்டியில் யோஹன்னா வாயைப் பிளந்தாள். ஹெட்டிக்குக் காதெல்லாம் சூடானது. ஆரம்பத்திலிருந்தே தெரியுமா? லோமாக்ஸிலிருந்தே? அப்படியென்றால் கேப்டனுக்கு, கடைக்காரிக்கு, பாதிரியாருக்குச் சொன்னதெல்லாம், அவர்களுக்கு இல்லை, அவளுக்கு. அவள் ஒருத்தி கேட்கிறாள் என்று நம்பித்தான் அந்த வெள்ளம் வந்தது. ஏமாற்றினோம் என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை நினைத்து அந்த மனுஷன் உள்ளே நின்று தொப்பிக்குள் சிரித்திருக்கிறார்.

"சரி, கேட்டுட்டே, சொல்றேன்," என்றார், குரல் இறங்கிவிட்டது, இறங்கினாலும் அந்த அமைதியில் கடைசி வண்டிவரை போயிருக்கும். "க்ராட்ஸ் அம்மா நேர்ல கேட்டா சொல்லமாட்டேன், உங்கிட்ட சொல்றேன். போன குளிர்காலம் வண்டி கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டேன். லூவெல்லாகிட்டகூடச் சொல்லலை. முதல் கூடை சோளத்தை அடுப்புல கொட்டின அன்னைக்கு. என்னால அதைப் பாக்க முடியலை. நீ அடுப்புக்கு முன்னால போய் உக்காந்தே. ரயில் கம்பெனித் தலைவர் குரல்ல அடுப்போட பேரம் பேசினே, அடுப்பு குரல்ல நீயே ஏப்பம் விட்டே. லூவெல்லா சிரிச்சா. அவ சிரிச்சு எவ்வளவோ நாளாச்சு. சரி, இன்னைக்கு ராத்திரி போக வேண்டாம், நாளைக்கு இவ என்ன பண்றான்னு பாத்துட்டுப் போலாம்னு நினைச்சேன். மறுநாளும் அப்படித்தான். அப்படியே தள்ளித் தள்ளி வசந்தம் வந்துடுச்சு, விதைச்சுட்டேன். நான் தைரியசாலின்னு இவங்க நினைக்கறாங்க ஹெட்டி, நான் வேடிக்கை பாக்க நின்னவன். ஒரு பொண்ணு இருக்கற வீட்டை விட்டு எவன் போவான்? இதை உனக்குச் சொல்லணும்னு இருந்தேன். உனக்கு நான் ரொம்பக் கடன்பட்டிருக்கேன்டா குட்டி." ஹெட்டியின் தொண்டைக்குள் இருந்த கூடத்தில் யாருமே இல்லை, எல்லாரும் எழுந்து போய்விட்டிருந்தார்கள். "நானும்தான், மாமா," என்றாள், யாருடைய குரலும் இல்லாமல், அது கொஞ்சம் கரகரப்பாக, நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது, இதுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. லூவெல்லா அத்தை கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கவில்லை. "என்னடி, அழறியா?" என்றது சோளம், அதுவும் கொஞ்சம் தழுதழுத்துத்தான். "சீ, விடு. க்ராட்ஸ் அம்மா இதைக் கேட்டிருந்தா என்ன பண்ணும் தெரியுமா? இடுப்புல கட்டின ஏப்ரன் துணியை எடுத்து மூக்கைச் சிந்தும், காட்டெருமை வர்ற மாதிரி ஒரு சத்தம் கேக்கும், மாடெல்லாம் மிரளும். எங்க, அதைப் பண்ணு பாப்போம்!"

யோஹன்னா க்ராட்ஸ் ஏப்ரன் துணியை ஏற்கனவே மூக்குக்குக் கொண்டுபோயிருந்தாள். அடக்கத்தான் பார்த்தாள் பாவம், முடியவில்லை, அழுகையும் மூக்கும் சேர்ந்து அவளைத் தள்ளிவிட்டன, அது கிளம்பியது, சோளத் தட்டைகள் நடுங்க, முன்வண்டிக் குதிரை பின்வாங்க, பாதை நெடுகக் கேட்கும்படி. உள்ளே மாமா கைதட்டினார். "ஆகா! ஆகா!" அதோடு போனது எல்லாம். முதலில் ஒரு குழந்தை கைக்குள்ளிருந்து கெக்கலித்தது, பிறகு வண்டியோட்டி, பிறகு அத்தை, அழுதுகொண்டே, பிறகு யோஹன்னாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிறகு வண்டிக்கு வண்டி தொற்றிக்கொண்டு புழுதிக்குள் கண்ணுக்குத் தெரியாத கடைசி வண்டிவரை, ஆண் குரலும் பெண் குரலும் கட்டைக் குரலும் கீச்சுக் குரலுமாக ஒரே சமயத்தில் ஊரே வெடித்துச் சிரித்தது, ஹெட்டியும் சிரித்தாள், சட்டைக் கையைக் கடிக்காமல், வாயைப் பொத்தாமல், தரையில் புரண்டு. சோளத்துக்குள் கைதட்டல் நின்றது. ஒரு தோகை விலகிய சத்தம், ஒரு காலடி, பிறகு அதுவும் நின்றது. மிக மெதுவாக, ஓரின் மாமாவின் குரல் வந்தது.

"ஹெட்டி... அங்க எத்தனை பேர் இருக்கீங்க?"